கிம்பல் பிடிப்பது எப்படி: கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு

கேமராவை மோட்டார்களால் சாயாமல் பிடித்து நிறுத்தும் கைப்பிடிக் கருவியான கிம்பலை வாங்கியவர்களில் பலர் முதல் கல்யாணத்திலேயே ஓர் ஏமாற்றத்தைச் சந்திக்கிறார்கள். மணப்பெண் அறையிலிருந்து மணமேடைக்கு நடந்து வரும் காட்சியை எடுத்துக்கொண்டு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால், படம் சாயவில்லை, இடவலமாக உதறவும் இல்லை. ஆனால் அடிக்கு அடி, படகில் இருந்து எடுத்ததுபோல், மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. உடனே கருவியைக் குறை சொல்கிறோம். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அதன் வேலை என்ன என்பதைத்தான் நாம் தவறாக எண்ணியிருக்கிறோம். அந்த ஒன்று தெளிவாகிவிட்டால், கிம்பலில் மற்ற எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

கிம்பல் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

கேமராவின் அசைவை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று சுழற்சி: கேமரா குனிவது, நிமிர்வது, ஒருபக்கம் சாய்வது, இடவலமாகத் திரும்புவது. மற்றொன்று இடப்பெயர்ச்சி: கேமரா மொத்தமாக மேலே எழுவது, கீழே இறங்குவது, பக்கவாட்டில் நகர்வது. கிம்பலில் உள்ள மூன்று மோட்டார்களும் முதல் வகையை மட்டுமே கவனிக்கின்றன. குனிவதையும் நிமிர்வதையும் டில்ட் மோட்டாரும், சாய்வதை ரோல் மோட்டாரும், திரும்புவதைப் பேன் மோட்டாரும் பார்த்துக்கொள்கின்றன. கோணம் இம்மியளவு மாறினாலும் உள்ளே இருக்கும் சென்சார் அதைக் கண்டறிய, மோட்டார் அதே அளவுக்கு எதிர்த்திசையில் திரும்பிக் கேமராவைப் பழைய நிலையிலேயே நிறுத்துகிறது. ஆனால் நடக்கும்போது நம் உடம்பு ஒவ்வோர் அடிக்கும் சில சென்டிமீட்டர் எழுந்து தாழ்கிறதே, அதைப் பிடித்து நிறுத்த இந்த மூன்றில் எந்த மோட்டாருக்கும் வழியில்லை. 1970களில் காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேமில், உடம்பில் அணியும் கவசமும் ஸ்பிரிங் பொருத்திய கையும் இருந்ததற்கு இதுதான் காரணம். ஏற்ற இறக்கத்தை அந்த ஸ்பிரிங் கை வாங்கிக்கொண்டது. கைப்பிடி மட்டுமே உள்ள இன்றைய கிம்பலில் அந்த ஸ்பிரிங் இல்லை. அதன் வேலையை நம் முழங்காலும் முழங்கையும்தான் செய்தாக வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு குத்துவிளக்கைக் கேமராவிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, அதைக் கடந்து செல்வதுபோல் நடந்து பதிவு செய்யுங்கள். பிறகு விளக்கை எடுத்துவிட்டு, எதிர்ச்சுவர் மட்டும் தெரியும்படி அதே வேகத்தில் நடந்து பதிவு செய்யுங்கள். இரண்டாவது பதிவில் தெரியாத குலுக்கல் முதல் பதிவில் பளிச்சென்று தெரியும். கேமரா இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தால், அருகில் இருக்கும் விளக்கின் சுடர் திரையில் வெகுதூரம் நகரும், தொலைவில் இருக்கும் சுவர் நகர்ந்ததே தெரியாது. ஆகவே நடை இன்னும் பழகாதவர்கள், அருகில் எந்தப் பொருளும் ஃபிரேமுக்குள் வராத பாதையாகப் பார்த்து நடப்பது நல்லது. நடை பழகியவர்களுக்கோ அதே குத்துவிளக்குதான் காட்சிக்கு ஆழம் தரும் பொருள்.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் நிலைநிறுத்தம்

மிரர்லெஸ் கேமராக்களில் பல, சென்சாரையே அசைத்து நடுக்கத்தைச் சரிசெய்கின்றன. இதைத் தொழிலில் ஐபிஸ் என்கிறோம். ஐந்து அச்சுகளில் இவ்வாறு சரிசெய்யும் முறையை 2012இல் ஒலிம்பஸ் ஓஎம்-டி இ-எம்5 கொண்டுவந்தது; முழு அளவுச் சென்சாரில் 2014இல் சோனி ஏ7 மார்க் 2 கொண்டுவந்தது. சோனி ஏ7 மார்க் 3, மார்க் 4, கேனான் ஆர்6, நிக்கான் இசட்6, ஃபியூஜி எக்ஸ்-டி4 ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. சோனி இசட்வி-இ10, ஏ6400, கேனான் ஆர்50, நிக்கான் இசட்50 ஆகியவற்றில் கிடையாது. உங்களிடம் இருப்பது இரண்டாவது வரிசைக் கேமராவானால், கிம்பல் உங்களுக்கு ஆடம்பரம் இல்லை, கிட்டத்தட்டக் கட்டாயம்.

ஐபிஸ் உள்ள கேமராவை வைத்திருப்பவர்கள் நின்ற இடத்திலிருந்து எடுக்கும் காட்சிகளுக்குக் கிம்பலைத் தேட வேண்டியதில்லை. மாலை மாற்றுவதை அருகில் நின்று எடுக்கவும், மெட்டி போடுவதைக் குனிந்து எடுக்கவும் கையும் ஐபிஸும் போதும். அந்த இலேசான உயிரசைவு காட்சிக்கு அழகாகவும் இருக்கும். நடந்துகொண்டு எடுக்கும்போதுதான் ஐபிஸின் எல்லை தெரியும். சென்சார் நகரக்கூடிய தூரம் சில மில்லிமீட்டர்தான். ஓர் அடி எடுத்து வைப்பதன் அதிர்ச்சியில் அது விளிம்பை எட்டிவிட்டு, சட்டென்று நடுவுக்குத் திரும்பும். அகலக் கோண லென்ஸில் இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்ளும். சென்சாரை நகர்த்துவதன் மூலம் சுழற்சியைச் சரிசெய்தால் படத்தின் நடுப்பகுதி நிலையாக நிற்கும். ஓரங்கள் மட்டும் ஜெல்லிபோல் நெளியும்.

கிம்பலில் ஏற்றிய பிறகு ஐபிஸை அணைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. என் வழக்கத்தைச் சொல்கிறேன். 24 எம்எம்மும் அதற்குக் கீழும் அணைத்துவிடுவேன். 50 எம்எம்முக்கு மேல் சாதாரண நிலையில் விட்டுவைப்பேன். சில கேமராக்களில் உள்ள ஆக்டிவ் நிலையைக் கிம்பலில் ஒருபோதும் பயன்படுத்துவதில்லை. அது படத்தின் ஓரங்களை வெட்டி மின்னணு முறையில் நிலைநிறுத்துவது. நாம் வேண்டுமென்றே கேமராவைத் திருப்பத் தொடங்கும்போது அதையும் நடுக்கம் என்று எண்ணி ஒரு கணம் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு விடும். திருப்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சின்னத் துள்ளல் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எவ்வளவு பாரம், எந்தக் கிம்பல்

வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது கிம்பல் எத்தனை கிலோ தாங்கும் என்பதை. அதைவிட முக்கியம், நாம் எத்தனை கிலோ தாங்குவோம் என்பது. பேட்டரியும் கார்டும் சேர்த்து ஏ7 மார்க் 4 கேமரா 658 கிராம். அதில் சோனியின் 24-70 எம்எம் எஃப்2.8 இரண்டாம் பதிப்பு லென்ஸைப் போட்டால் இன்னொரு 695 கிராம். ஆக 1353 கிராம். டிஜேஐ ஆர்எஸ் 3 கிம்பல் ஏறத்தாழ 1.3 கிலோ. மொத்தம் 2.6 கிலோவுக்கு மேல், அதுவும் உடம்பிலிருந்து முன்னே நீட்டிய கையில். அதிகாலை நான்கு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பில் தூக்கியதை, முகூர்த்தம் முடிந்து பந்தி வரைக்கும் கீழே வைக்க வாய்ப்பிருக்காது. அந்த லென்ஸுக்குப் பதிலாக 353 கிராம் உள்ள சோனி 16-35 எம்எம் எஃப்4 பவர் ஜூம் லென்ஸைப் போட்டால் கேமராவும் லென்ஸும் சேர்ந்து 1011 கிராம்தான். ஆர்எஸ் 3 மினி போன்ற 795 கிராம் கிம்பலே இதற்குப் போதும். அது இரண்டு கிலோ வரை தாங்கும் என்று நிறுவனமே கொடுத்திருக்கிறது. மொத்தம் இரண்டு கிலோவுக்கும் குறைவு. நண்பகலில் உங்கள் கை நடுங்குகிறதா இல்லையா என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கும்.

அந்தப் பவர் ஜூம் லென்ஸில் இன்னொரு நன்மையும் உண்டு. ஜூம் செய்தாலும் அதன் குழல் வெளியே நீளாது, ஆகவே எடைச் சமநிலை மாறாது. 24-70 வகை லென்ஸ்கள் பெரும்பாலும் ஜூம் செய்யும்போது நீள்பவை. 24இல் சமன் செய்துவிட்டு 70க்குப் போனால் முன்பாரம் கூடிவிடும். மோட்டார் அதைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் முனகிக்கொண்டுதான் தாங்கும்.

தாங்கும் எடையை மட்டும் பார்த்து வாங்கினால் இன்னொன்றிலும் மாட்டிக்கொள்ளலாம். சில கிம்பல்களில் ரோல் மோட்டார் கேமராவின் பின்புறம் நேர் நடுவில் வந்து நின்று திரையை மறைக்கும். அந்தக் கையைச் சாய்வாக அமைத்த மாதிரிகளில் இந்தத் தொல்லை குறைவு. பக்கவாட்டில் திறக்கும் திரை உள்ள கேமராவானால், திரையைத் திறந்து வைத்த நிலையில் அது கிம்பலின் கையில் இடிக்காமல் கேமரா முழுதாகக் குனிந்து நிமிர்கிறதா என்பதைக் கடையிலேயே பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

மின்சாரம் இல்லாமல் நிற்க வேண்டும்

கிம்பலின் உயிர் பேலன்ஸில் இருக்கிறது. பேலன்ஸ் சரியாக இருந்தால், கிம்பலை அணைத்து வைத்திருக்கும்போதே கேமரா எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நிற்கும். மோட்டார் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று அரைகுறையாக விட்டால், மோட்டார் தன் வலிமையைக் கேமராவைத் தூக்கிப் பிடிப்பதிலேயே செலவழித்துவிடும்; நடுக்கத்தைச் சரிசெய்ய அதனிடம் மிச்சம் இருக்காது.

இதை நானே பட்டு அறிந்தேன். ஒரு கல்யாணத்தில், மண்டபத்துக்கு வெளியே வெயில் அதிகமாக இருந்ததால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக லென்ஸில், வெளிச்சத்தைக் குறைக்கும் கனமான என்டி ஃபில்டரைத் திருகினேன். பேலன்ஸை மறுபடி பார்க்கவில்லை. கேமரா நேராகத்தான் நின்றது, நானும் நம்பிவிட்டேன். ஊர்வலம் மண்டப வாசலை அடைந்து, ஆரத்தித் தட்டோடு பெண்கள் முன்னே வந்த நேரத்தில், நான் கிம்பலைத் தாழ்த்திக் கேமராவை நிமிர்த்தினேன். மோட்டார் இரண்டு நொடி உறுமியது. பிறகு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிட்டது. கேமரா தலைகுப்புறத் தொங்கியது. பதிவில் இன்றும் இருப்பது ஆரத்தித் தட்டு அல்ல, என் செருப்பு.

பேலன்ஸ் செய்வதற்கு முன், எடுக்கப்போகும் நிலைக்கே கேமராவைக் கொண்டுவந்துவிட வேண்டும். பேட்டரியும் கார்டும் உள்ளே இருக்க வேண்டும், லென்ஸ் மூடி கழற்றியிருக்க வேண்டும், ஃபில்டர் போடுவதானால் போட்டிருக்க வேண்டும், மைக் பொருத்துவதானால் பொருத்தியிருக்க வேண்டும், திரையைத் திறந்து வைத்து எடுப்பவரானால் திறந்தே இருக்க வேண்டும். தோள் வாரைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். தொங்கும் வாரின் நுனி மோட்டாரில் உரசினாலே படம் அதிரும். ஜூம் லென்ஸை அன்று அதிகம் பயன்படுத்தப்போகும் அளவில் வையுங்கள். பிறகு கேமராவின் அடித்தட்டுத் திருகை ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைக் கொண்டாவது நன்றாக இறுக்குங்கள். கையால் திருகியது போதும் என்று தோன்றும், போதாது. தட்டில் கேமரா ஒரு மயிரிழை திரும்பினாலும், கிம்பல் தட்டைத்தான் நேராக வைத்திருக்குமே தவிரக் கேமராவை அல்ல. லென்ஸ் பெரியதானால் அதைத் தாங்கும் துணைப்பிடியையும் பொருத்திவிடுங்கள்.

இனி அச்சு அச்சாக. ஆடாத மேசையின் மேல் கிம்பலை நிறுத்தி, மூன்று அச்சுகளையும் பூட்டிவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். வரிசை கையேட்டுக்குக் கையேடு சற்று மாறும்; நான் செய்யும் வரிசை இது.

முதலில் டில்ட் அச்சைத் திறந்து, லென்ஸ் நேரே முன்னால் பார்க்கும்படி வையுங்கள். கையை எடுத்ததும் லென்ஸ் கீழே குனிந்தால் முன்பாரம். கேமராவைத் தட்டோடு பின்னுக்குத் தள்ளுங்கள். லென்ஸ் மேலே நிமிர்ந்தால் பின்பாரம், முன்னுக்கு நகர்த்துங்கள். கடைசியில் தேவைப்படும் நகர்வு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், ஆகவே இறுக்கும் பிடியை முழுவதும் தளர்த்தாமல், சற்று உராய்வோடு நகரும் அளவுக்கு விட்டுச் செய்வது எளிது. சரியான இடத்தைப் பென்சிலாலோ ஒட்டுத்தாளாலோ குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை இரண்டு நிமிட வேலை. ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குறி. நான் லென்ஸுக்கு ஒரு நிறமாக ஒட்டியிருக்கிறேன்.

அடுத்து அதே அச்சில், லென்ஸை வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள். புதியவர்கள் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். ஆரத்தியின்போது என்னைக் கைவிட்டதும் இதுதான். லென்ஸ் முன்பக்கமாகக் கவிழ்ந்தால் பாரம் அச்சுக்குக் கீழே இருக்கிறது, கேமராவை உயர்த்த வேண்டும். பின்பக்கமாகச் சாய்ந்தால் பாரம் அச்சுக்கு மேலே இருக்கிறது, தாழ்த்த வேண்டும். இது முடிந்ததும், கேமராவை முக்கால் கோணத்தில் விட்டாலும், கால் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்.

பிறகு டில்டைப் பூட்டிவிட்டு ரோல் அச்சைத் திறந்தால், கேமரா இடமோ வலமோ சாயும். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும். கடைசியாகப் பேன் அச்சைத் திறந்து, கைப்பிடியை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக நிறுத்தி வைத்துப் பார்த்தால் பேன் அச்சின் குறை தெரியவே தெரியாது, சாய்த்தால்தான் தெரியும். பாரமான பக்கம் ஊஞ்சல்போல் ஆடிக் கீழே வந்தால், பேன் மோட்டாரின் கையை நகர்த்தி, எங்கே விட்டாலும் நிற்கும்படி செய்யுங்கள்.

நான்கும் முடிந்த பிறகு மின்சாரம் கொடுத்து, தானாக மோட்டார் வலிமையைக் கணக்கிடும் ஆட்டோ டியூனை ஒருமுறை ஓடவிடுங்கள். அந்தச் சில நொடிகளில் கிம்பலைத் தொடவோ மேசையை அசைக்கவோ கூடாது. லென்ஸ் மாற்றினால் இதையும் மறுபடி செய்ய வேண்டும். மண்டபத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டே இருப்பது நடக்காத காரியம்; கிம்பலுக்கு என்று ஒரு லென்ஸை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை இரண்டாவது கேமராவில் கையால் எடுப்பதே புத்திசாலித்தனம்.

கிம்பல் எதைப் பின்தொடர வேண்டும்

பேலன்ஸ் முடிந்ததும் கிம்பலுக்குச் சொல்ல வேண்டியது, நம் கையின் எந்த அசைவைப் பின்பற்ற வேண்டும், எதைப் புறக்கணிக்க வேண்டும் என்பது. பேன் மட்டும் பின்தொடரும் நிலையில், நாம் உடம்பைத் திருப்பினால் கேமரா திரும்பும். கைப்பிடியைச் சாய்த்தாலும் அடிவானம் அசையாது. நடந்து எடுக்கும் காட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும். பேனும் டில்ட்டும் பின்தொடரும் நிலையை, பாதத்தில் தொடங்கி முகத்துக்கு ஏறும் காட்சிக்கும், கோபுரத்தை அண்ணாந்து எடுக்கும் காட்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். மூன்று அச்சும் பூட்டிய நிலை, பக்கவாட்டில் நகர்ந்து ஒரு ஸ்லைடரைப்போல எடுக்க உதவும். டிஜேஐ கிம்பல்களில் டிரிகரை அழுத்திப் பிடித்திருந்தால் பூட்டு நிலை, இரண்டு முறை தட்டினால் கேமரா நேராகும், மூன்று முறை தட்டினால் எடுப்பவரை நோக்கித் திரும்பும். கேமராவே சுற்றிச் சுழலும் நிலையும் உண்டு. ஒரு கல்யாணப் படத்தில் அதை ஒருமுறைக்கு மேல் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பின்தொடரும் வேகத்தைக் குறைவாக வைத்தால் படம் மிதக்கும். ஆனால் மணப்பெண் சட்டென்று திரும்பினால் கேமரா பின்தங்கிவிடும். வேகத்தைக் கூட்டினால் பிடித்துக்கொள்ளும். ஆனால் நம் தோளின் ஒவ்வொரு அசைவும் படத்தில் வரும். டெட்பேண்ட் என்ற அமைப்பு, கைப்பிடி எவ்வளவு திரும்பிய பிறகு கேமரா திரும்பத் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதைச் சற்று அதிகமாக வைத்தால் சின்னச் சின்ன அலைபாய்தல் நின்றுவிடும். சடங்குகளுக்கு ஒரு மெதுவான அமைப்பு, ரிசப்ஷன் ஆட்டத்துக்கு ஒரு வேகமான அமைப்பு என்று இரண்டைச் சேமித்து வைத்துக்கொண்டு ஒரு பொத்தானில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஷட்டரும் மண்டபத்து விளக்கும்

படம் குலுங்குவதாகத் தோன்றுவதற்குப் பல நேரங்களில் குலுக்கல் காரணமே இல்லை. ஷட்டர் வேகம் மிக அதிகமாக இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் கத்தரித்ததுபோல் துல்லியமாக நின்று, அசைவு வெட்டி வெட்டித் தெரியும். நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50, நொடிக்கு 50 எடுத்தால் 1/100 என்பது பொதுக் கணக்கு. வெயிலில் இதைக் காப்பாற்ற என்டி ஃபில்டர் வேண்டும்; என்டி 8 மூன்று ஸ்டாப்பையும், என்டி 64 ஆறு ஸ்டாப்பையும் குறைக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது).

நம் ஊரில் இந்தக் கணக்குக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. 1/50, 1/100 ஆகிய வேகங்கள் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். கேமராவை, 60 ஹெர்ட்ஸ் மின்சார நாடுகளுக்கான என்டிஎஸ்சி அமைப்பிலேயே விட்டுவிட்டு, 60 ஃபிரேம், 1/125 என்று எடுப்பவர்களின் படத்தில்தான் சுவரெல்லாம் பட்டை பட்டையாக ஓடும். மெதுவாக்கிக் காட்ட விரும்பினால் 120க்குப் பதில் 100 ஃபிரேம், 1/100 என்று எடுங்கள். 120 ஃபிரேமில் 1/100 ஷட்டர் வைக்க இடமே இல்லை. மேடை அலங்காரத்து வண்ண எல்இடிகள் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அவை மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றாமல் தம் கட்டுப்பாட்டுக் கருவியின் துடிப்பில் எரிபவை. அவற்றுக்கு ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றித் திரையில் பட்டை மறையும் இடத்தைத் தேடுவதுதான் வழி.

ஃபோகஸைத் தொடர் தானியங்கி நிலையில், முகத்தைத் தேடும்படி வைத்து, ஃபோகஸ் மாறும் வேகத்தைச் சற்றுக் குறைத்துவிடுங்கள். அகலக் கோணத்தில் லென்ஸ் திறப்பு எஃப்4 போதும். ஒயிட் பேலன்ஸைத் தானாக விடாமல் ஓர் எண்ணில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மணப்பெண் அறையிலிருந்து மேடைக்கு நடந்து வருவதற்குள் அவர் புடவை மூன்று நிறம் மாறியிருக்கும்.

கால்

வலக்கை கைப்பிடியில், இடக்கை அதற்குக் கீழோ துணைப்பிடியிலோ இருக்க, இரண்டு முழங்கைகளும் விலாவை ஒட்டி ஆனால் இறுகாமல் இருக்க வேண்டும். முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, தலையில் நிறைகுடம் இருப்பதாக எண்ணிக்கொண்டு நடக்க வேண்டும். குடம் சுமந்து பழகியவர்களின் நடையைப் பார்த்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: தலை ஒரே உயரத்தில் செல்லும், அசைவெல்லாம் இடுப்புக்குக் கீழே இருக்கும். முன்னே நடக்கும்போது குதிகாலை முதலில் ஊன்றிப் பாதத்தை விரல் வரை உருட்டுங்கள். பின்னோக்கி நடக்கும்போது விரலில் தொடங்கிக் குதிகாலில் முடியுங்கள். அடியைச் சிறிதாக வையுங்கள். வேகமாகப் போவதுபோல் காட்ட வேண்டுமென்றால் 50 ஃபிரேமில் எடுத்து மெதுவாக்காமல் விடலாம்; மிதப்பதுபோல் வேண்டுமென்றால் பாதி வேகத்தில் ஓட்டலாம். எஞ்சியிருக்கும் குலுக்கலில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

செருப்போடு நடந்தால் அடியின் ஓசையும் அதிர்வும் கூடும். மேடைக்கு அருகில் எப்படியும் கழற்றத்தான் வேண்டும். வெறுங்காலே இந்த வேலைக்கு நல்லது. பாதம் தரையை உணர்வதால், விரித்திருக்கும் ஜமுக்காளத்தின் மடிப்பையும், அடியில் ஓடும் சீரியல் விளக்கு ஒயரையும் கண்ணால் பார்க்காமலே தாண்டலாம். பின்னோக்கி நடக்கும்போது, முதுகுக்குப் பின்னால் ஓர் உதவியாளர் தோளில் கைவைத்து வழிநடத்துவது அவசியம். தனியாக வேலை செய்பவர்கள், மணப்பெண் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அதே பாதையைப் பின்னோக்கி ஒருமுறை நடந்து, வாசற்படி எத்தனையாவது அடியில் வருகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளட்டும்.

தாலி கட்டும் நேரத்தில் மட்டும் நான் கிம்பலைக் கையில் எடுப்பதில்லை. கெட்டிமேளம் கொட்டத் தொடங்கியதும் சுற்றத்தார் எழுந்து நெருங்குவார்கள், அட்சதை பறக்கும், யாராவது முழங்கையால் இடிப்பார்கள்; நடந்து எடுக்க அங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை. டிரைபாடில் ஒரு கேமரா, மோனோபாடில் ஒரு கேமரா, இவை தரும் உறுதியைக் கிம்பல் தராது. திரும்பக் கிடைக்காத கணத்தை மோட்டாரை நம்பி விடக் கூடாது.

கோளாறும் காரணமும்

கேமரா மெலிதாக அதிர்ந்து, கைப்பிடியில் வண்டு முரல்வதுபோல் ஓசை வந்தால், மோட்டார் வலிமை தேவைக்கு மேல் இருக்கிறது அல்லது தட்டு எங்கோ தளர்ந்திருக்கிறது. முதலில் திருகைப் பாருங்கள், பிறகு வலிமையைக் குறையுங்கள். கேமரா சோம்பலாகத் திரும்பி, நின்ற பிறகும் ஒருமுறை அசைந்தால் வலிமை போதவில்லை. டில்ட் மட்டும் அடிக்கடி விலகினால், கேமராவுக்கும் கிம்பலுக்கும் இடையே உள்ள கேபிள் விறைப்பாக இருந்து இழுக்கிறதா என்று பாருங்கள். ஆர்எஸ் 3 போன்றவற்றில் புளூடூத் மூலமே பதிவைத் தொடங்கலாம், கேபிளே வேண்டாம்.

அடிவானம் சாய்ந்து நின்றால், சமமான தரையில் வைத்து, எது நேர் என்பதைக் கிம்பலுக்குக் கற்பிக்கும் காலிபிரேஷனை மறுபடி செய்யுங்கள். காரில் இருந்து எடுக்கும்போது வளைவில் மட்டும் அடிவானம் சாய்ந்து, பிறகு மெதுவாகத் திரும்பி வந்தால் அது கோளாறு அல்ல. வளைவில் பிறக்கும் பக்கவாட்டு விசையைக் கிம்பலின் சென்சார் புவியீர்ப்போடு குழப்பிக்கொள்கிறது. வேகத்தைக் குறைக்கச் சொல்வதைத் தவிர அந்த இடத்தில் செய்ய ஏதும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏற்ற இறக்கம் எஞ்சினால் எடிட்டிங்கில் சிறிது சரிசெய்யலாம். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் இரண்டிலும் அதற்கான கருவி உண்டு. அளவைக் குறைவாகவே வையுங்கள். கூட்டக் கூட்ட ஓரம் வெட்டப்படும், பின்புலம் நெளியும். கேமராவே தன் அசைவைப் பதிவு செய்து வைக்கும் வசதி சோனி ஏ7 மார்க் 4, இசட்வி-இ10 போன்றவற்றில் உண்டு. அந்தத் தரவை எடுத்து கைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால், கிம்பல் இல்லாமல் எடுத்ததையும் ஆச்சரியப்படும் அளவுக்கு நிலைநிறுத்தும். அதற்கு ஐபிஸை அணைத்துவிட்டு எடுத்திருப்பது நல்லது. ஷட்டரும் 1/200 போல வேகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் நின்றாலும் நடுக்கத்தின் மங்கல் மட்டும் விட்டு விட்டுத் துடிக்கும். அந்த ஷட்டர் மண்டபத்து விளக்கோடு ஒத்துப்போகாது என்பதால், இந்த வழியைப் பகல் வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கேமராவைக் கழற்றி, மூன்று அச்சுகளையும் பூட்டி, மடக்கிப் பையில் வைக்கும் முன், டில்ட் கையின் காடியையும் மோட்டார் இடுக்கையும் ஒரு காய்ந்த தூரிகையால் துடைத்துவிடுங்கள். மஞ்சள் தடவிய அரிசி ஒன்று அந்தக் காடியில் ஒளிந்திருந்தால், அடுத்த கல்யாணத்தில் தட்டு உங்கள் பென்சில் குறி வரைக்கும் போகாமல் ஒரு மில்லிமீட்டர் முன்பே நின்றுவிடும்.